வீட்டில் அணைத்து வைத்த ரேடியோ

எங்கள் கடையில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். வைத்தவர் முதலாளி. வேலைக்குச் சேர்ந்த அன்று காலையில் மெஷினில் உட்கார்ந்தவள் சாயங்காலம் எழுந்திருக்கும்வரை வாயை மூடவில்லை. "இந்த ரேடியோவை ஆஃப் பண்ற குமிழ் எங்கம்மா இருக்கு?" என்று கேட்டார். "அது என் வீட்டுக்காரர் கையில இருக்குங்க" என்றாள். நாங்கள் சிரித்தோம். அவள் வேடிக்கைக்குச் சொல்லவில்லை, உள்ளதைத்தான் சொன்னாள் என்பது எனக்குப் புரியக் கொஞ்ச காலம் ஆயிற்று.

எங்களுடையது ஆல்ட்டரேஷன் கடை. புதிதாக எதையும் தைக்க மாட்டோம். பேன்ட்டின் நீளத்தைக் குறைப்பது, இடுப்பைப் பிடிப்பது, அறுந்த ஜிப்பை மாற்றுவது, இதுதான் பிழைப்பு. முன்பக்கம் முதலாளியின் மேஜையும் ஒரு நிலைக்கண்ணாடியும். அதற்குப் பின்னால் ஒரு ப்ளைவுட் தடுப்பு. தடுப்புக்கு உட்புறம் நாங்கள் இரண்டு பெண்கள். அவளுக்கு ஒரு தையல் மெஷின், எனக்குக் காஜா எடுத்துப் பட்டன் தைக்கிற வேலை. அதனால் அவள் என்னைக் காஜா என்றுதான் கூப்பிடுவாள். என் சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் உதவுகிறது என்பாள்.

அவள் பேச்சை எழுதிக் காட்ட எனக்குத் திறமை போதாது. கவட்டையில் கிழிந்த ஒரு பேன்ட் வந்தால் அதை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, அது தன் எஜமானரைப் பற்றிப் புலம்புவது மாதிரி பேசுவாள். குனிந்து உட்கார்ந்தது எங்கே, யார் முன்னால் கிழிந்தது, அதன்பின் வீடு போய்ச் சேரும்வரை அந்த மனிதர் சட்டையை எப்படி இழுத்து விட்டுக்கொண்டு நடந்தார், எல்லாம் வரும். நல்ல கட்டத்தில் நிறுத்திவிட்டு ஊசியில் நூல் கோப்பாள். நான் "அப்புறம்?" என்று கேட்கும்வரை அடுத்த வார்த்தை வராது. தடுப்புக்கு அந்தப் பக்கம் பேன்ட்டுக்குச் சொந்தக்காரரே நின்றிருப்பார். முதலாளி இருமுவார்.

இப்படிப்பட்டவள் வீட்டில் ஊமை. மிகைப்படுத்திச் சொல்வதாக நினைக்க வேண்டாம்.

அவள் புருஷன் ஒரு சரக்கு ஏற்றுமதி அலுவலகத்தில் கிளார்க். வேலையில் கெட்டி, வாயைத் திறந்தால் மட்டும் தடுமாற்றம். ஒருதடவை பதவி உயர்வுக்கு இன்டர்வியூ வைத்தார்கள். இங்கிலீஷில் ஏதோ கேட்டார்கள். விடை தெரியும், வார்த்தை வரவில்லை. அங்கே இருந்தவர்களில் ஒருவன் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்துச் சிரித்தானாம். அந்தப் பதவி, அவரிடம் வேலை பழகிய ஒருவனுக்குப் போயிற்று. மனிதர் அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டார். ரேடியோ அப்போது மாசமாக இருந்தாள். மறுநாள் காலையில் எழுந்து அவர் சொன்ன முதல் வார்த்தை, "பொறக்கப் போற குழந்தை காதுல இந்த வீட்டுல தமிழே விழக் கூடாது."

அவர் பட்ட அவமானம் நிஜம்தான். அதற்காக அவர் மேல் எனக்கு இரக்கம் வரவேண்டும் என்று யாராவது சொன்னால், வராது. அவமானப்பட்டவர் அவர், வாயை மூடிக்கொண்டவள் இவள். இதில் என்ன நியாயம் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

பெண் குழந்தை பிறந்தது. சட்டமும் கூடவே பிறந்தது. குழந்தையின் எதிரில் இங்கிலீஷ் பேசு, தெரியவில்லை என்றால் பேசாதே. இரண்டு பாஷை கலந்து காதில் விழுந்தால் குழந்தைக்கு எதுவும் ஒழுங்காக வராது, நாக்கு தடித்துவிடும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். ரேடியோ பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷ், பரீட்சை முடிந்த மறுநாளே அவளை விட்டுப் போயிருந்தது. மிச்சம் இருந்தது கம், சிட், ஈட், ஸ்லீப், நோ, குட். தினமும் காலையில் ஆபீஸ் கிளம்புமுன் அவர் இரண்டு வாக்கியம் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவார். அதை அவள் கடைக்கு வந்து, குரலைத் தாழ்த்தி இல்லாத மூக்குக்கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு, அவர் மாதிரியே சொல்லிக் காட்டுவாள். "வாஷ் யுவர் ஹேண்ட்ஸ் பிஃபோர் யூ டச் த ஃபுட்." சொல்லிவிட்டு, "இதை நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள அவ சாப்ட்டே முடிச்சிட்டா காஜா" என்பாள்.

குளிப்பாட்டும்போது ஒருநாள் தன்னை மறந்து பேசிவிட்டாள். தண்ணீர் பட்டதும் குழந்தை மூச்சை இழுத்து முழித்ததாம். "என்னடி முழிக்கிற, தண்ணியே இப்பத்தான் பாக்குற மாதிரி" என்று ஆரம்பித்தது அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. குழந்தை இவள் வாயையே பார்த்துக்கொண்டு தானும் ஆ, ஊ என்று பதில் சொல்லியிருக்கிறது. இவள் ஒன்று சொல்ல, அது ஒன்று சொல்ல. கதவுக்கு வெளியே அவர் நின்றுகொண்டிருந்தார். திட்டவில்லை, கை ஓங்கவில்லை. "உன்ன மாதிரியே அவளும் ஏதாவது ஒரு கடையில தடுப்புக்குப் பின்னாடி உக்காரணுமா?" என்று மட்டும் கேட்டார்.

 அதற்குப் பிறகு எந்தத் தாய் வாயைத் திறப்பாள்? தன் பேச்சு குழந்தையின் சோற்றில் மண் போடும் என்று ஒருத்தியை நம்ப வைத்துவிட்டால் போதும், அப்புறம் காவல் காக்கவே தேவையில்லை. அவளே தன் வாய்க்குத் தையல் போட்டுக்கொள்வாள். போட்டுக்கொண்டாள்.

குழந்தைக்குப் பேச்சு தாமதமாக வந்தது. அதற்கும் பழி இவள் மேல்தான். எங்கேயோ தமிழ் ஒழுகியிருக்கிறது என்று அவர் சந்தேகப்பட்டார். அவள் கடைக்கு வரும் நேரம் குழந்தை இங்கிலீஷ் பேசும் ஒரு காப்பகத்தில் இருந்தது. வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் டிவி இங்கிலீஷில் ஓடியது. டிவி பேசும், ஆனால் குழந்தை சிரித்தால் திரும்பிச் சிரிக்காது. அது தெரிய ஆபீஸ் படிப்பு தேவையில்லை, குழந்தையின் முகத்தைப் பார்த்தால் போதும். அவர் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

நடை பழகி ஓட ஆரம்பித்த வயதில் அந்தப் பெண் வாசற்படியில் விழுந்து மோவாயைக் கிழித்துக்கொண்டது. ரத்தம். ரேடியோ ஓடிப்போய் அள்ளி எடுத்தாள். மறுநாள் கடையில் அதைச் சொன்னபோது, எப்போதும்போல வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தாள். "ஒண்ணுமில்லடி தங்கம், என் கண்ணு, அம்மா இருக்கேன்டி, இதோ ஊதி விடறேன், அந்தப் படிய அடிச்சுப் போட்டுடலாம்னு எல்லாம் வரிசையா பல்லுக்குப் பின்னாடி வந்து நிக்குது காஜா. அவரு பக்கத்துல நிக்கிறாரு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? நோ க்ரை. நோ க்ரை. ஏதோ நாய்க்குட்டிய அதட்டுற மாதிரி." சொல்லிவிட்டு மெஷினை மிதித்தாள். கொஞ்ச தூரம் தைத்த பிறகுதான் கவனித்தாள், ஊசியில் நூலே இல்லை. 

பெண் வளர்ந்தாள். அவர் நினைத்தது பலித்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். பள்ளிக்கூடத்தில் மேடையேறிப் பேசினாள், கப் வாங்கினாள். அப்பாவும் பெண்ணும் சாப்பாட்டு மேஜையில் இங்கிலீஷில் வாதம் செய்வார்கள், சிரிப்பார்கள். ரேடியோ பரிமாறுவாள். நடுவில் தனக்குத் தெரிந்த ஒரு வார்த்தை ஓடினால் அதைப் பிடித்துக்கொண்டு தலையாட்டுவாள். ஒரு தடவை அவர்கள் ஏதோ சாவுச் செய்தியைப் பேசிக்கொண்டிருக்கும்போது "குட், குட்" என்று சொல்லிவிட்டாளாம். பெண் அவள் கையைத் தட்டிக்கொடுத்து, மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக, சின்னக் குழந்தைக்குச் சொல்வது மாதிரி விளக்கியிருக்கிறாள். கெட்ட பெண் இல்லை அவள். அம்மாவிடம் எப்போதும் அன்பாகத்தான் இருந்தாள். சத்தமாக, மெதுவாக, சின்னச் சின்ன வார்த்தையாக அன்பாக இருந்தாள். நம் பேச்சின் அளவுதான் நம் மனசின் அளவு என்று எதிரில் இருப்பவர் நினைத்துக்கொள்வது சகஜம்தானே. என் அம்மா ரொம்ப அமைதி, எதைப் பற்றியும் பெரிதாக யோசிக்க மாட்டாள் என்று தோழிகளிடம் சொல்வாளாம். ரேடியோ அதைக் கேட்டுவிட்டு வந்து என்னிடம் சொன்னாள்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்தப் பெண்ணுக்குத் தமிழ் வந்துவிட்டது. வீட்டில் கதவைச் சாத்தினால் தெரு சும்மா இருக்குமா? பள்ளி வேனில், கடைகளில், தோழிகள் வீட்டில் அவள் தமிழைப் பொறுக்கிக்கொண்டாள். கொஞ்சம் திக்கும், ஒருமை பன்மை உதைக்கும், ஆனால் பேசுவாள். டிரைவரிடம் தமிழ், எப்போதாவது வீட்டுக்குப் போனால் என்னிடம் தமிழ், பக்கத்து வீட்டில் தமிழ். பெற்றவளிடம் மட்டும் கம், கோ, ஈட். குழந்தைகள் ஆளுக்கு ஒரு பேச்சு என்று பிரித்து வைத்துக்கொள்கிறார்கள், ஒருதடவை பிரித்துவிட்டால் பிறகு மாற்றுவது லேசில்லை.

காலேஜ் நாட்களில் யாரோ ஒரு பையன் விஷயமாக அவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நாள் முழுக்க அழுதாள். ரேடியோ கதவுக்கு வெளியே நின்றாள். பத்துப் பெண்களின் கதையைச் சொல்லி, அந்தப் பையனை நார் நாராகக் கிழித்து, அழுதவளைச் சிரிக்க வைத்துவிடக் கூடியவள் அவள். என் கல்யாணம் நின்றுபோனபோது என்னை அப்படித்தான் தேற்றினாள். மகளின் கதவைத் தட்டி அவள் கேட்டது, "ஈட்?" உள்ளே இருந்து பதில், "நோ, அம்மா." அவ்வளவுதான் உரையாடல்.

புருஷன் போய்ச் சேர்ந்தார். காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு நான் வெட்கத்தை விட்டுச் சொன்னேன். "அக்கா, இனிமே யாரு கேக்கப் போறா? பொண்ணுகிட்ட பேசு." அவளும் முயற்சி பண்ணினாள். ஒருநாள் காலையில் மகளிடம், "நேத்து உங்கப்பா கனவுல வந்தாருடி, செருப்பைத் தேடிக்கிட்டே நின்னாரு" என்று ஆரம்பித்தாளாம். மகள் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "அம்மா, ஆர் யூ ஓகே?" என்றாள். பயந்துவிட்டாள், பாவம். அவளைப் பொறுத்தவரை நாற்காலி பேசின மாதிரி. ரேடியோ, "ஓகே, ஓகே" என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவப் போய்விட்டாள். போலீஸ்காரன் செத்துப்போனான், ஊரடங்கு மட்டும் அப்படியே இருந்தது.

பிறகு மகளுக்குக் கல்யாணம் ஆயிற்று, நான்கு தெரு தள்ளிக் குடித்தனம். அவளுக்கும் ஒரு பெண் குழந்தை. விடுப்பு முடிந்து அவள் வேலைக்குத் திரும்ப வேண்டும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ரேடியோ அதற்காகவே காத்திருந்தாள். வேலையை விட்டு நின்றுகொள்ளப் போவதாக முதலாளியிடம்கூடச் சொல்லிவிட்டாள். "இந்தத் தடவை எவன் வந்து கதவுக்கு வெளிய நிப்பான், பாத்துடறேன்" என்றாள் என்னிடம். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் கடைக்கு வந்தவள், வந்ததும் மகளின் குரலில் பேச ஆரம்பித்தாள். அவள் எப்படி உட்கார்ந்தாள், எப்படிக் கையைப் பிடித்துக்கொண்டாள் என்பது உட்பட எல்லாம் நடித்துக் காட்டினாள். விஷயம் இதுதான். இப்போது எல்லா இடத்திலும் புது ஞானம் பிறந்திருக்கிறதாம். சின்ன வயதில் இரண்டு மொழி காதில் விழுந்தால் மூளை நன்றாக வளருமாம். டிவி போட்டால் வராதாம், எதிரில் உட்கார்ந்து முகம் பார்த்து ஓயாமல் பேசுகிற ஆள் வேண்டுமாம். அதனால் குழந்தைக்குத் தமிழ் கற்றுத்தர, நன்றாக வாயாடுகிற ஒரு அம்மாளைத் தேடுகிறாளாம். "ஐ தாட் ஆஃப் யூ, அம்மா. பட் யூ டோன்ட் டாக். பேபி நீட்ஸ் டாக்." மகள் மாதிரியே, மெதுவாக, அன்பாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். நான் சிரித்துத் தொலைத்தேன், அவ்வளவு அச்சாக இருந்தது. பிறகு அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினேன்.

எனக்கு வந்த கோபத்துக்குக் கையில் இருந்த கத்தரியால் மேஜையைக் குத்தினேன். அன்றைக்கு இரண்டு பாஷை நாக்கைத் தடிக்க வைத்தது. இன்றைக்கு மூளையை வளர்க்கிறது. படித்தவர்கள் அப்படியும் சொல்வார்கள், இப்படியும் சொல்வார்கள். நடுவில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு ஓட்டிய காலத்தை எவன் திருப்பித் தருவான்?

"போய்ச் சொல்லு, நான் பேசுவேன்னு" என்றேன்.

"சொல்றதா? பேசியே காட்டறேன்" என்றாள். அன்று சாயங்காலம் வேலை முடிந்து நேராக மகள் வீட்டுக்குப் போனாள். என்ன பேசுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருக்கிறாள். மறுநாள் நான் கேட்கவே இல்லை, அவளே சொன்னாள். "கதவைத் தொறந்தா. அவ மூஞ்சியப் பாத்தேன். 'ஹவ் பேபி?'ன்னுதான் வந்துச்சு. பேபி என்னைப் பாத்துச் சிரிக்குது. அதுக்காவது ஏதாவது சொல்லலாம்னா அவ பக்கத்துலயே நிக்கிறா.  அவ இருந்தா எனக்குத் தமிழ் மறந்து போவுதுடி." அன்றைக்கு மதியம்வரை மெஷின் சத்தம் மட்டும்தான் கேட்டது.

அந்த வாரக் கடைசியில்தான் அது நடந்தது. மகள் அதுவரை எங்கள் கடைக்குள் வந்ததில்லை, அப்பா காலத்துப் பழக்கம். அன்று ஏதோ ஒரு சுடிதாரின் பக்கத் தையலைப் பிரித்து விட வேண்டும் என்று, அந்த வழியாகப் போனவள் குழந்தையோடு உள்ளே வந்துவிட்டாள். முதலாளி யாரோ வாடிக்கையாளர் என்று நினைத்து உட்காரச் சொல்லியிருக்கிறார். எங்களுக்குத் தடுப்புக்கு இந்தப் பக்கம் எதுவும் தெரியாது.

ரேடியோ அப்போதுதான் மறுபடி பழையபடி ஆகியிருந்தாள். தன் வயிறு பெருத்ததை ஒப்புக்கொள்ளாமல், பேன்ட்தான் அலமாரிக்குள் இருந்து இருந்து சுருங்கிவிட்டது என்று சண்டை போட்டவர் ஒருவரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவராகப் பேசினாள், பேன்ட்டாகப் பேசினாள், இரண்டுக்கும் நடுவில் பஞ்சாயத்து பண்ண வந்த பெல்ட்டாகவும் பேசினாள். மெஷின் ஓட ஓட அதற்கு மேல் குரலை ஏற்றி, நீட்டி, உடைத்து, ஆண் குரலும் பெண் குரலுமாக. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். தடுப்புக்கு அந்தப் பக்கமும் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. குழந்தை ஒன்று க்ளுக் க்ளுக் என்று கூடவே சிரித்தது. ரேடியோவின் கால் மெஷினில் நின்றுவிட்டது.

மகள் தடுப்பின் வழியில் தொங்கிய திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரித்திருந்தாள். அம்மாவைப் பார்த்து "ஹாய் அம்மா" என்றுவிட்டு, என்னைப் பார்த்தாள். உள்ளே நாங்கள் இரண்டு பேர்தான்.

"ஆன்ட்டி, நீங்க இப்படியெல்லாம் பேசுவீங்களா? எனக்குத் தெரியவே தெரியாது. பாப்பா பாருங்க, குரல் வந்த பக்கமே பாக்கறா. நான் தேடிட்டே இருந்தேன் இந்த மாதிரி ஒரு ஆளை. நீங்க எங்க வீட்டுக்கு வரீங்களா? காலையில மட்டும்."

அவளைக் குற்றம் சொல்ல என்னால் முடியவில்லை. அவள் பிறந்தது முதல் கேட்ட அம்மாவின் குரல் தொண்டைக்குள்ளேயே நின்றுபோகிற ஒரு குரல். இந்தக் குரலை அவள் கேட்டதே இல்லை. தெரியாத குரலை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பாள்?

"அது நான் இல்லம்மா, உங்க அம்மா" என்றேன்.

அவள் சிரித்தாள். நல்ல பெண், நான் தன் அம்மாவைச் சந்தோஷப்படுத்த ஏதோ சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். "அம்மாவா?" என்றாள்.

"சத்தியமா. அக்கா, சொல்லேன். அந்த பெல்ட்டு சொன்னதை மட்டும் சொல்லேன்."

ரேடியோ எழுந்து நின்றாள். மடியில் இருந்த பேன்ட் கீழே விழுந்தது. மகள் காத்திருந்தாள், கொஞ்சம் முன்னால் சாய்ந்து, புருவத்தைத் தூக்கி, திக்கிப் பேசுகிறவர்களுக்கு நாம் காத்திருப்போமே அப்படி. ரேடியோவின் உதடு பிரிந்தது. கழுத்து நரம்பு அசைந்தது. நான் மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டேன். ஒரு வார்த்தை போதும், ஒன்று வந்தால் மீதி தானாக வரும்.

"கம்" என்றாள் ரேடியோ. "சிட். டீ?"

"இட்ஸ் ஓகே, அம்மா" என்றாள் மகள். அம்மாவின் தோளைத் தடவிக் கொடுத்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, யோசித்துச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். சுடிதாரைக் கொடுக்க மறந்துவிட்டாள்.

செத்தாலும் போக மாட்டேன் என்றேன். ரேடியோ கீழே விழுந்த பேன்ட்டை எடுத்து உதறி மடித்தாள். "நீ போ" என்றாள். "வேற எவளோ வந்து எதையோ பேசறதுக்குப் பதிலா நீ போ. நான் இங்க பேசறதெல்லாம் அங்க போய்ப் பேசு. எப்படியோ பாப்பா காதுல விழட்டும்." நான் முடியாது என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். அவள் கெஞ்சவில்லை, கையைப் பிடிக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள். வேண்டா வெறுப்பாகத்தான் ஒப்புக்கொண்டேன்.

காலையில் குழந்தையிடம், மதியத்துக்கு மேல் கடையில் என்று ஆயிற்று என் நாள். குழந்தை எதிரில் உட்கார்ந்து, ரேடியோ சொன்ன கதைகளைச் சொல்வேன். அது என் கண்ணைப் பார்க்காது, வாயைப் பார்க்கும். வார்த்தை வருவதற்கு முன்னால் ராகம் வந்தது. அர்த்தமே இல்லாத சத்தத்தை, நல்ல கட்டத்தில் நிறுத்தி, என் முகத்தைப் பார்த்து, பிறகு முடித்தது. அச்சு அசல் ரேடியோ.  கடைக்கு ஓடிவந்து சொன்னேன். அவள் தையலை நிறுத்திவிட்டு, மறுபடி மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டாள். தினமும் அதுதான் எங்கள் பேச்சு. இன்றைக்கு என்ன சொன்னாள், அதற்கு நீ என்ன சொன்னாய், நாளைக்கு இதைச் சொல் என்று.

இரண்டு வயதில் அது பொரிந்து தள்ளியது. பொம்மையின் சட்டையைக் கழற்றி, "இதுக்கு வாயிருந்தா அழுதுடும் பாவம்" என்றது. மகள் பூரித்துப்போய் எல்லோரிடமும் சொன்னாள், எல்லாம் ஆன்ட்டி பழக்கியது என்று. அந்த வாக்கியம் யாருடையது என்று நான் பலமுறை சொன்னேன். அவள் ஒவ்வொரு முறையும் அதே நல்ல சிரிப்பைச் சிரித்தாள்.

மகள் வேலைக்குப் போகாத ஒருநாள், நான் அங்கே இருக்கும்போது ரேடியோ வந்தாள். குழந்தை என் மடியில் உட்கார்ந்து தமிழில் வாயடித்துக்கொண்டிருந்தது. கதவருகில் அவளைப் பார்த்ததும் நிறுத்தியது. இறங்கி அவள் முன்னால் போய் நின்று, அண்ணாந்து பார்த்து, மெதுவாக, சத்தமாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னது. "ஹாய். கம். சிட்."

மகள் கை தட்டினாள். "பாத்தீங்களா ஆன்ட்டி? யாருகிட்ட எப்படிப் பேசணும்னு அவளுக்கே தெரியுது. யாரும் சொல்லித் தரல." அது உண்மைதான், யாரும் சொல்லித் தரவில்லை. குழந்தை பார்த்துத் தெரிந்துகொண்டது. ரேடியோ "குட் கேர்ள்" என்று சொல்லிவிட்டுச் சொன்ன இடத்தில் உட்கார்ந்தாள்.

திரும்பும்போது இரண்டு பேரும் சேர்ந்துதான் நடந்தோம்.  கடை வாசலில் நின்று, "இனிமே என் பேச்சை அங்க கொண்டு போவாத காஜா" என்றாள். "நீ உன் பேச்சைப் பேசு. என் வாயிலேர்ந்து போனது அங்க அவ வாயில கேக்குது, என்னைப் பாத்ததும் நின்னுடுது. என்னால தாங்க முடியல." நான் சரி என்றேன்.

மறுநாள் காலையில் குழந்தை ஜோடி தொலைந்த ஒரு காலுறையைக் கொண்டுவந்து என் மடியில் போட்டு, என்ன ஆச்சு என்று கேட்டது. என் பேச்சைத் தேடினேன். அந்தக் கடைக்கு வருவதற்கு முன்னால் நான் கேட்டதற்குப் பதில் சொல்கிற ஆள், அதுவும் பாதி வார்த்தையில். எனக்குப் பேசத் தெரிந்ததெல்லாம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் தைத்த வருடங்களில் என் வாய்க்கு வந்து சேர்ந்தது. பெற்ற மகளுக்குப் போக வேண்டியது அத்தனையும் எனக்கு வந்திருக்கிறது. அதைக் கழித்துவிட்டுப் பார்த்தால் என்னிடம் எதுவும் இல்லை. இதை நான் அவளிடம் போய் எப்படிச் சொல்வது?

குழந்தை என் வாயைப் பார்த்துக் காத்துக்கொண்டிருந்தது. காலுறையைக் கையில் எடுத்து, அவள் குரலிலேயே ஆரம்பித்தேன்.